ரகசிய வாடிக்கையாளர்

"அந்தம்மா எங்களை நல்லா ஏமாத்திட்டாங்க மேடம். சும்மா விடக் கூடாது!"

மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பையன் ஆத்திரத்தில் குரலை உயர்த்தினான்.

வெளிநாட்டிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, பல்கலைக்கழகத்தில் சேருவதற்கு முன்னால் நடத்தும் ஓராண்டு வணிகப் படிப்பு அது. வெறும் ஏட்டுப் படிப்பு இல்லை. ஐந்தைந்து பேராகச் சேர்ந்து கல்லூரி வராந்தாவில் ஒரு வாரம் நிஜமாகவே கடை போட வேண்டும். இவன் ஒரு கடைக்குத் தலைவன். கூட்டாளிகள் வைத்த பெயர் கேப்டன்.

அந்த வாரத்தில் ஒரு நாள், கல்லூரி ஏற்பாடு செய்த ஆள் ஒருவர் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி வந்து நோட்டம் பார்த்துவிட்டுப் போவார். யார், என்றைக்கு என்பது அந்தப் படிப்பை நடத்தும் மேடத்தைத் தவிர ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் அவர் கையில்.

கேப்டன் கடைக்கு அவர் போட்டது ஒன்பது.

"இந்த ஒன்பதை வெச்சுக்கிட்டு எனக்கு எங்கேயும் சீட் கிடைக்காது மேடம். மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்."

"அதுக்கு மாடி துடைக்கிற அம்மா என்னப்பா பண்ணுவாங்க?"

"முதல் நாளே வந்து, 'இந்தப் பேனா எழுதலைன்னா மாத்தித் தருவீங்களா'ன்னு கேட்டாங்க. சோதிக்க வர்றவர் என்னென்ன கேப்பார்னு நீங்க குடுத்த நோட்ஸ்ல நாலாவது கேள்வி அதேதான்! துடைக்கிறவங்க வேஷத்துல வந்திருக்காங்கன்னு நினைச்சுட்டோம். நீங்க சொல்லிக் குடுத்தபடி முதல்ல உட்கார வெச்சோம். தினமும் காபி குடுத்தோம். முட்டி வலி எப்படி இருக்குன்னு விசாரிச்சோம். அஞ்சு நாளும் அம்மா, அம்மான்னு சுத்திச் சுத்தி வந்தோம். நிஜமா வந்த ஆளைக் கண்டுக்கவே இல்லை. 'கொஞ்சம் பொறுங்க சார்'னு அவரை நிக்க வெச்சுட்டு, இவங்களுக்குச் சர்க்கரை கலக்கிட்டு இருந்தேன்!"

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

பையன் நீட்டிய புகாரை வாங்கிப் படித்தார். 'தேர்வாளர்போல் நடித்து மோசடி' என்று எழுதியிருந்தான். துப்புரவு வேலையெல்லாம் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. கல்லூரிக் கையெழுத்தோடு ஒரு புகார் போனால் போதும், மறுநாளே வேறு ஆள் வந்துவிடும். எதற்கு என்று யாரும் கேட்கப்போவதில்லை.

பெயர் என்ற இடத்தைப் பையன் காலியாக விட்டிருந்தான். எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்த மேடத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. ஆறு வருஷமாகத் தினமும் பார்க்கிற முகம்தான். பெயர் தெரியவில்லை.

போனை எடுத்தார். "மாடி துடைக்கிறாங்களே, அந்தம்மாவைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி அந்த அம்மா வந்து கதவோரம் நின்றார். அறையில் இன்னொரு நாற்காலி இருந்தது. அதில் மேடத்தின் கைப்பை உட்கார்ந்திருந்தது.

"உங்களைக் காலேஜ்ல இருந்து அனுப்பினாங்கன்னு இவங்ககிட்ட சொன்னீங்களா?"

"ஐயோ, இல்லீங்க மேடம்."

"பேனாவை மாத்தித் தருவீங்களான்னு கேட்டீங்களாமே?"

"பொண்ணுக்குப் பரீட்சை மேடம். முன்னாடி வேற கடையில வாங்கினது பாதியில நின்னுடுச்சு. அதான் கேட்டு வாங்கினேன்."

"சரி. அப்புறம் தினமும் போனீங்களே, அது எதுக்கு?"

"கூப்பிட்டாங்க. போனேன்."

கேப்டன் துள்ளி எழுந்தான். "யாருன்னு நினைச்சுக் கூப்பிட்டோம்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை முதல்ல சொல்லுங்க!"

ஐந்து நாளும் வாய் ஓயாமல் வந்த 'அம்மா' இப்போது மருந்துக்குக்கூட வரவில்லை.

அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி நின்றுகொண்டார். "தெரியும் தம்பி."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?" என்றார் மேடம்.

"ஆறு வருஷமா பார்க்கறேன் மேடம். கடை போடற வாரத்துல மட்டும் ஏதாவது ஒரு கடையில என்னைக் கூப்பிட்டு உட்கார வெப்பாங்க. சாப்டீங்களாம்மான்னு கேப்பாங்க. வாரம் முடிஞ்சா, துடைச்ச ஈரம் காயறதுக்குள்ள செருப்போட மிதிச்சுட்டுப் போவாங்க. நீங்க நினைக்கிற ஆள் நான் இல்லைன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்புதான்." நின்றபடியே முட்டியைத் தடவிக்கொண்டார். "சொன்னா எந்திரிக்கச் சொல்லிடுவாங்களேன்னு இருந்துட்டேன்."

கேப்டன் தலையைக் குனிந்துகொண்டான்.

மேடத்துக்குச் சுருக்கென்றது. கோபம் பையன்மேல் திரும்பியது.

"வந்திருக்கிறது யாருன்னு பார்த்து மரியாதை குடுக்கறதையா நான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன்? உனக்கு ஒன்பதே அதிகம். போ, வெளியில!"

அவன் போனதும் புகாரை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். ஒரு ஏழையின் வேலையைக் காப்பாற்றிவிட்டோம் என்று மனசு நிறைந்துபோயிற்று. அந்த நிறைவோடு நிமிர்ந்தபோதுதான் அந்த அம்மா கதவோரம் இன்னும் நிற்பது கண்ணில் பட்டது. அவசரமாகக் கைப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அடடா, வந்ததுல இருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்களே! உட்காருங்கம்மா. காபி கொண்டுவரச் சொல்றேன்."

அந்த அம்மா மெல்லக் குனிந்து குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டார்.

"வேணாம் மேடம். அந்த வாரம்தான் முடிஞ்சு போச்சே."