வெள்ளிக் கால்

தணிகாசலத்தின் வலது காலில் ஆறாத சர்க்கரைப் புண். கட்டிலின் கால்மாட்டில் அவருக்கு எதிரே உட்கார்ந்து தினமும் அதைக் கழுவிக் கட்டுப்போட்டவள் மனைவி கோமளவல்லிதான். அறுவை சிகிச்சையன்று காலையில் அவள் அம்மன் கோயிலுக்கு ஓடினாள். வாசல் கடைக்காரர் வெள்ளித் தகட்டில் அடித்த கால்களை எடுத்துப்போட்டு, "வலதாம்மா, இடதா?" என்றார். புண் எப்போதும் தன் இடது கைப்பக்கம் இருந்ததுதான் அவள் நினைவுக்கு வந்தது. இடது காலை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு, "இந்தக் காலைக் காப்பாத்திக் குடு தாயே" என்று உண்டியலில் போட்டாள்.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறுநாள் பழக்கத்தில் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய இடது கைப்பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அம்மனுக்குப் போட்டுட்டியா?" என்று கேட்டார் தணிகாசலம்.

"போட்டுட்டேங்க."

"அதான் இந்தக் காலையாவது விட்டுவெச்சிருக்கா" என்று இடது பாதத்தை அசைத்துக் காட்டினார். கோமளவல்லி அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "வலிக்குதுடி" என்று அவர் சொன்ன பிறகும் விடவில்லை.