பூசணிக்குட்டி ஏன் வரவில்லை?

நாலு நாளாகப் பூசணிக்குட்டியைக் காணோம்.

பொம்மைக்காரி காலையிலிருந்து எட்டாவது முறையாகப் போனை எடுத்துப் பார்த்தாள். தன் கையால் தைத்த முயலின் படத்துக்கு மூன்றே மூன்று லைக். ஒன்று அவளே போட்டுக்கொண்டது, இன்னொன்று அவள் அண்ணி போட்டது.

பூசணிக்குட்டி யாரோ ஒரு புண்ணிய ஆத்மா. ஆணா பெண்ணா, கிழமா குமரியா, ஒன்றும் தெரியாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூசணிக்காய்ப் படம்.

ஆனால் ஆன்லைனில் இந்தப் பொம்மைக்கடையைத் திறந்த ஏழு மாதத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அவள் படம் போட்ட அஞ்சாவது நிமிடம் முதல் ஆளாக வந்து ஒரு வரி எழுதிவிடும். அந்த வரியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவளும் பொம்மைக்கொரு கதை கட்டி வலைப்பதிவில் எழுதுகிறாள், கண்ட கண்ட குழுவிலெல்லாம் பகிர்கிறாள். பூசணிக்குட்டி வராத நாலு நாளும் ஈ ஓட்டியதுதான் மிச்சம். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

பூசணிக்குட்டி எழுதுகிற வரிதான் விசித்திரமாக இருக்கும். மஞ்சள் யானையைப் போட்ட அன்று, 'நீலம் நல்லா இருக்கு' என்று எழுதியது.

கரடியைப் போட்டபோது, 'ஐயோ, இளைச்சுப் போச்சே!'

வாடிக்கையாளர் வாக்கு ஆயிற்றே. அன்றைக்கே தையலைப் பிரித்து, இருந்த கரடிகளுக்கெல்லாம் வயிற்றில் இரண்டு பிடி பஞ்சு கூடுதலாக அடைத்தாள்.

அப்படிப்பட்ட ஆளுக்கு என்ன ஆயிற்று? உடம்புக்கு முடியவில்லையா? இல்லை, வேறு கடைக்குப் போய்விட்டதா?

நாலு நாளில் மாறியது ஒன்றே ஒன்றுதான். அதுவரை பொம்மையை மாடி ஜன்னலில் வைத்துத்தான் படம் எடுப்பாள். பத்து மணி வெயில் அங்கேதான் பதமாக விழும். அண்ணி விளம்பரக் கம்பெனியில் இருப்பவள். வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, நீ விக்கிறது பொம்மையையா, எதிர்வீட்டு மாமாவையா?"

கேட்டதில் தப்பில்லை. நடுவில் குறுகலான தெரு. எதிர்வீட்டு மனிதர் டாணென்று பத்து மணிக்குப் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இவள் கேமராவையே பார்ப்பார். சிரிப்பு கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. முறைப்பு மாமா என்று இவளே பெயர் வைத்திருந்தாள். அவர் தொல்லைக்குத்தான் பொம்மைகளை வெள்ளைச் சுவருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

அதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. பூசணிக்குட்டிக்குத் தனியாகவே ஒரு செய்தி அனுப்பினாள். 'பொம்மை பிடிக்கலையா? குறை இருந்தா சொல்லுங்க, மாத்திடறேன்.'

பதில் சட்டென்று வந்தது. 'பொம்மைக்கென்ன, அழகாத்தான் இருக்கு. ஜன்னல் எங்க?'

ஜன்னலா?

அவளுக்கு மண்டை குடைந்தது. பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனாள். மஞ்சள் யானை வந்தது. இதில் நீலம் எங்கே இருக்கிறது? விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள்.

யானையின் காதுக்குப் பின்னால் முறைப்பு மாமா, நீலச் சட்டையில்.

கரடிப் படத்தையும் பெரிதாக்கினாள். காய்ச்சலில் கிடந்து எழுந்த முகம். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடக் கடவுளே, நான் போய்க் கரடிக்குப் பஞ்சு அடைத்தேனே!

'அவர் உங்களுக்கு யாரு?' என்று எழுதி அனுப்பினாள்.

இந்தத் தடவை பதில் வர நேரமாயிற்று.

'அப்பா. என் கல்யாணத்துல இருந்து பேச்சு வார்த்தை இல்ல. போன் பண்ணா எடுக்க மாட்டார். ஒரு நாள் எங்க தெருப் பேரைத் தட்டிப் பாத்தேன், உங்க ஜன்னல் வந்துச்சு. நான் பாக்கறது அவருக்குத் தெரிய வேண்டாங்க. தெரிஞ்சா எழுந்து உள்ள போயிடுவார்.'

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு மகள் ஏழு மாதமாகப் பொம்மைகளின் இடுக்கு வழியாக அப்பாவைப் பார்த்திருக்கிறாள். அந்த இடுக்கையும் சுவர் வைத்து அடைத்த மகராசி நான்தான்!

முயலைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

எதிரே நாற்காலி இருந்தது. ஆளைக் காணோம்.

கீழே அழைப்பு மணி அடித்தது. முயலும் கையுமாகவே போய்க் கதவைத் திறந்தாள்.

முறைப்பு மாமா நின்றிருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டை, தண்ணீர் தொட்டுப் படிய வாரிய தலை. கையில் ஒரு அட்டை. கடை திறந்த புதிதில் தெருவிலிருந்த எல்லாத் தபால் பெட்டியிலும் அவள் போட்டுவிட்டு வந்த, கடையின் ஆன்லைன் முகவரி அச்சடித்த விளம்பர அட்டை அது. எடுத்து எடுத்துப் பார்த்ததில் ஓரமெல்லாம் நைந்திருந்தது.

ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவர் வாய் திறந்தார்.

"நாளைக்காவது ஜன்னல்ல வச்சுப் படம் எடும்மா. இளைச்சுப் போச்சேன்னு எழுதியிருந்தா, எங்க பூசணிக்குட்டி. இப்ப தேறிட்டேன்னு அவ பாக்கணும்ல."