நாற்பத்தாறாவது நாள்

“நாற்பத்தாறு நாள் ஆச்சுங்க” என்றதும் கணவன் துள்ளிக் குதிப்பான் என்றுதான் அவள் நினைத்தாள். நான்கு வருஷமாக மாமியார் வாயில் ‘மலடி’ என்று விழுந்து எழுந்தவள். அவன் முகமோ கறுத்துப்போனது.

“உன்னை வண்டியில கொண்டாந்து விடுறானே சூப்பர்வைசர், அவனுக்கு என்ன வயசு?”

“அவருக்குப் பேரனே பொறந்தாச்சுங்க. ஏன் கேக்குறீங்க?”

அன்று முதல் அவள் செல்போனைக் குடைந்தான். அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனி வாசலில் போய் நின்றான். குழந்தை என்றால் இந்த மனுஷனுக்கு ஏன் இப்படி வேப்பங்காயாகக் கசக்கிறது? அவளுக்குப் பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்குள் அவன் வெடித்தான்.

“யாரு குழந்தைன்னு இவகிட்டயே கேளுங்க! புள்ளையே வேண்டாம்னு கல்யாணத்துக்கு முந்தியே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன் நான்!”

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “குழந்தையே இல்லயே. தைராய்டு குறைஞ்சிருக்கு. அதனாலயும் நாள் தள்ளிப்போகும்.”

அவன் வாய் திறந்தபடியே நின்றது. அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“மாத்திரை எழுதுங்க டாக்டரம்மா. என் ஆஸ்பத்திரி அட்டையில விலாசத்தை மட்டும் எங்க அம்மா வீட்டுக்கு மாத்திடுங்க.”