ஆறாத புண்

கத்தி முன்னங்கைப் புண்ணுக்குள் இறங்கியபோதும் தசரதன் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேர் அவனைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

"புண்ணுக்குள்ள தங்கத்த வெச்சினு போறவன் எத்தினி பேர பாத்துக்கீறேன்" என்றான் தங்கச் சுரங்கக் காவல்காரன் எட்மண்ட்.

சுரங்க வாசல் கம்பிக்கு வெளியே நின்ற தசரதன் மனைவி கன்னியம்மா அழுதாள். "அது பிச்சிப் பிச்சி வந்த புண்ணு சாமி. கை சும்மா இருந்தா தன் தோல தானே உரிக்கிற சீக்கு அவுருக்கு. மாரிகுப்பத்துல யார வேணா கேளுங்க."

உண்மைதான். மஞ்சளுக்கும் வேப்பெண்ணெய்க்கும் அடங்காத சீக்கு. கடைசியில் வழி கண்டவள் கன்னியம்மாதான். பிசைந்துகொண்டே இருக்கச் சொல்லி ஒரு களிமண் உருண்டையைக் கையில் கொடுத்தாள். விரல் தோலைத் தேடும்போதெல்லாம் அவன் மண்ணைப் பிசைந்தான். மழைக்காலம் முடிவதற்குள் புண் காய்ந்து மூடியது.

பிறகு ஏனோ, மூடிய இடத்தை அவனே மறுபடி கிழித்துக்கொண்டான். சுரங்கத்துக்குள் போகும்போதும் உருண்டையை மட்டும் விடவில்லை.

எட்மண்ட் கத்தியைத் திருப்பினான். ரத்தம்தான் வந்தது. ஆத்திரத்தில் தசரதன் வயிற்றில் மிதித்தான், வாயைப் பிளந்து பார்த்தான், கோவணத்தை உதறினான். ஒன்றும் இல்லை. கீழே விழுந்திருந்த மண் உருண்டையைக் காலால் தள்ளிவிட்டான்.

"உன் பொம்மைய எடுத்துகினு போடா, சொறி நாயே."

வீட்டில் கன்னியம்மா புண்ணைக் கழுவினாள். சதை வாய் பிளந்து கிடந்தது. அவன் முனகக்கூட இல்லை. மறு கையால் மண்ணைப் பிசைந்தபடி இருந்தான். அந்த மௌனம் அவளை வெறி கொள்ள வைத்தது. தீர்க்காத வைத்தியம் எதற்கு என்று உருண்டையைப் பிடுங்கி, சாக்கடையில் எறியக் கையை ஓங்கினாள்.

கத்திக்குக் கத்தாதவன் அப்போது அலறினான். பாய்ந்து அவள் மணிக்கட்டை முறுக்கினான். வளையல் நொறுங்கி அவள் தோலைக் கீறியது.

உருண்டையைச் சட்டித் தண்ணீரில் போட்டு அவனே கரைத்தான். கலங்கிய நீரை மெல்ல வடித்தான். அடியில் மஞ்சளாய் மின்னிக்கொண்டு தங்கப் பொடி படிந்திருந்தது.

"அப்போ புண்ணு?" என்றாள் கன்னியம்மா.

அவன் விரல் காயத்தின் ஓரத்தைத் தேடிப் போனது.

"அது ஆறிட்டா, இந்த மண்ண எவன் வெளிய வுடுவான்?"