காலடியில் விழுந்த கல்

அந்தத் தீவுகளில் நரி கிடையாது, பூனை கிடையாது, பாம்புகூடக் கிடையாது. அதனால் அங்கிருந்த சாம்பல் பறவைகளுக்குப் பறக்கவும் தெரியாது, பயப்படவும் தெரியாது. கிணறு தோண்ட முதலில் வந்திறங்கியவர்கள் செவத்தியானும் மாசாணமும்தான். வந்த அன்றே ஒரு பறவை தானாக நடந்துவந்து செவத்தியானின் மடியில் ஏறி உட்கார்ந்தது. கழுத்தைத் திருகிக் குழம்பு வைத்தான். கொதிக்கிற சட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி அதன் சோடி வந்து நின்றது. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று மத்தியானம் நூறு ஆட்களோடு கப்பல் வருகிறது. விடிந்ததிலிருந்து அவன் பறவைகளைப் பார்த்துக் கல்லெறிந்துகொண்டிருந்தான். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது.

"கோட்டி புடிச்சிட்டால ஒனக்கு? கையாலயே புடிக்கலாம்லா," என்றான் மாசாணம்.

"அதுக்குத்தாம்ல எறியுதேன். அவனுவ வாரதுக்குள்ள மனுசனக் கண்டா ஓடப் படிக்கட்டும்."

"மேல படாம எறிஞ்சா எதுக்குல ஓடும்? நீ வெளையாடுதன்னுல்லா நெனைக்கும்."

கடலில் கப்பலின் சங்கு ஊதியது. செவத்தியான் பெரிய கல்லாகப் பார்த்து, சோடியிழந்த அந்தப் பறவையின் காலடியில் விழும்படி வீசினான். பறவை கல்லை உருட்டிப் பார்த்தது. அலகால் கவ்விக்கொண்டு அசைந்து அசைந்து வந்து, அவன் காலருகே வைத்துவிட்டு, பழைய இடத்துக்கே திரும்பிப் போய் நின்றது.

சங்கு மறுபடியும் ஊதியது. அவன் அதே கல்லை எடுத்தான். இந்தத் தடவை காலடியைக் குறிபார்க்கவில்லை. பறவை கழுத்தை நீட்டிக் காத்திருந்தது.