நடுக்கோடு

ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக மாத்திரை செய்யும் காலம் அது. மாத்திரைக்கு வடிவம் வரைவது பூங்கோதையின் வேலை. நோய் தணிகிறவர்களின் மாத்திரையில் நடுவே ஒரு கோடு வரும். டாக்டர் சொல்கிற நாளில் பாதியாக உடைத்துப் போடலாம். அதனால் திருவள்ளூரில் நலம் விசாரிக்கிறவர்கள்கூட, "கோடு வந்துடுச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அவள் கணவர் ஞானமூர்த்திக்கு இரண்டு வருடமாகியும் கோடு வரவில்லை. மனிதர் பேச்சையே குறைத்துவிட்டார். மனசு கேட்காமல் போன வாரம் அவளே ஒரு கோட்டை இழுத்துவிட்டாள். மருந்தின் அளவில் கை வைக்கவில்லை. வெறும் கோடுதானே.

ஞாயிற்றுக்கிழமை அவர் சிரித்தபடி ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே ஏழு அரை மாத்திரைகள்.

"கோடே வந்தாச்சு, அப்புறம் டாக்டர் வேற சொல்லணுமா? ஒரு வாரமா பாதிதான் போடறேன். நல்லாத்தான் இருக்கேன்."

உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போய்க் கோட்டை அழிக்க உட்கார்ந்தாள். அதற்கும் மனம் வரவில்லை. கோட்டை அப்படியே விட்டுவிட்டு, மாத்திரையை இறுக்கும் இயந்திரத்தின் அழுத்தத்தை மட்டும் கூட்டிவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, புதிதாக வந்த மாத்திரையை அவர் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பார்த்தார். பாக்குவெட்டியைக்கூட எடுத்துவந்தார்.

"உடைய மாட்டேங்குதே பூங்கோதை."

"முழுசாவே போட்டுக்குங்க."

அவர் மாத்திரையை விட்டுவிட்டு அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"கோட்டை அழகாத்தான் போட்டிருக்கே நீ" என்றார். பிறகு தண்ணீர் வாங்கி, முழுசாக விழுங்கினார்.