பலகை போகும் வழி

“இந்த வாரமும் பலகை என் வீட்டுக்கு வரலை!”

தலையெல்லாம் ஷாம்பு நுரையோடு நின்ற ஒரு வாடிக்கைக்காரியைக் கையில் பிடித்துக்கொண்டு, கிமியே நடுச்சந்தில் நின்று கத்தினாள். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால். எந்த வீட்டுக் குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. ‘பத்து மணி முதல் மதியம் வரை தண்ணீர் வராது’ என்று அறிவிப்புப் பலகையில் தெளிவாகப் போட்டிருந்ததாம். பலகைதான் அவள் சலூனுக்கு வந்து சேரவில்லை.

இது நடந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. ஜப்பானில், ஒனோமிச்சி ஊரில் கப்பல் பட்டறைக்கு மேலே, சரிவில் எங்கள் சந்து. அப்போது ஐந்து வீட்டிலும் ஆள் இருந்தது. சாயங்காலமானால் ஐந்து வீட்டிலும் மீன் சுடும் வாசனை. சந்துக்காரர்கள் சங்கத்தின் அறிவிப்புகளைச் சொருகிய பலகை, சனிக்கிழமைதோறும் உச்சியில் இருக்கும் தலைவர் குவாபாரா வீட்டிலிருந்து கிளம்பும். படித்துவிட்டு, வீட்டு முத்திரையைக் குத்தி, அடுத்த வீட்டில் கையோடு கொடுக்க வேண்டும். தலைவருக்குக் கீழே தபால் ஆபீஸ் செட்சு. அதற்கும் கீழே, டென்மார்க்கிலிருந்து பட்டறை வேலைக்கு வந்து குடியேறிய நீல்ஸ். நாலாவது கிமியேயின் சலூன். கடைசியில் நாங்கள்.

நீல்ஸ் வரை பலகை ஒழுங்காக வரும். அவரும் ஒழுங்காக முத்திரை குத்துவார். பிறகு கீழே இறங்கி கிமியேயிடம் கொடுப்பதை விட்டுவிட்டு, மேலே ஏறிப் போய், தனக்குக் கொடுத்த செட்சுவிடமே அதைத் திருப்பிக் கொடுப்பார்.

முதலில் சாக்கடை சுத்தம் செய்யும் ஞாயிறு போனது. மேல் வீட்டுக்காரர்கள் மண்வெட்டியோடு இறங்கியபோது நாங்கள் போர்வைக்குள் இருந்தோம். அவர்கள் தள்ளிவிட்ட சேறு எங்கள் வாசலில் வந்து நின்றது. அடுத்து, கடற்கரைக்குச் சிப்பி பொறுக்கப் போன பேருந்து எங்களை விட்டுவிட்டே கிளம்பியது. இப்போது தண்ணீர்.

“தபால் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவ, முத்திரையை எண்ணிப் பார்க்க மாட்டியா?” என்றாள் கிமியே.

“பலகை திரும்பி வந்தா, சுத்தி முடிச்சுதுன்னுதானே நினைப்பேன்?” செட்சு சீறினாள். “அந்த ஆளுக்கு மேல எது, கீழ எதுன்னே தெரியலை. இவர் கட்டுற கப்பல் கவிழ்ந்துதான் மிதக்கும்!”

நீல்ஸைப் பற்றிச் சந்திலேயே அதிகம் குறைப்பட்டவள் அவள்தான். படவும் நியாயம் இருந்தது. சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பலகையோடு அவள் வீட்டுக்குப் போகிறவர், ஏழு மணிக்குத்தான் இறங்கி வருவார். நம் எழுத்து சரளமாகப் படிக்க வராத ஆளுக்கு அறிவிப்பை வரி வரியாகப் படித்துக் காட்ட வேண்டுமே! நேரம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எங்கள் ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்துத்தான் இருந்தது.

அன்று மத்தியானமே தலைவர் வீட்டில் சங்கக் கூட்டம். நீல்ஸின் வாடகை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. தலைவர் சரி என்று சொன்னால்தான் நீட்டிப்பேன் என்று வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார்.

“ஒண்ணு அவர் இருக்கணும், இல்ல என் சலூன் இருக்கணும்,” என்று கிமியே ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கழிவறையிலிருந்து வெளியே வந்தார் நீல்ஸ். ‘கழிவறை’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய, அங்கே மட்டும் போட வேண்டிய செருப்பைக் கழற்றாமல், அப்படியே பாய்மேல் நடந்து, எங்கள் நடுவில் வந்து வணக்கமாகத் தலை குனிந்தார்.

“ஐயோ, காலு! காலைப் பாருங்க!” என்று நாங்கள் அலறினோம்.

செட்சு எழுந்துபோய்க் குனிந்து, அவர் காலிலிருந்து செருப்பைக் கழற்றி, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். பக்கத்து வீடாகப் போன பாவத்துக்கு எவ்வளவு தொல்லை என்று நாங்கள் உச்சுக் கொட்டினோம்.

தலைவர் தொண்டையைச் செருமி, பெயரோடு ‘சான்’ என்று மரியாதை சேர்த்தே கேட்டார். “நீல்ஸ் சான், பலகை எந்தப் பக்கம் போகணும்னு யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்களா?”

நீல்ஸ் ஒரு விநாடி செட்சுவைப் பார்த்தார். பிறகு நெற்றி பாயில் படக் குனிந்தார். நம் மொழியைப் புத்தகத்தில் படித்தவர். புத்தகம் மாதிரியே பேசுவார்.

“அனைவரும் மன்னிக்க வேண்டும். பிழை முழுவதும் என்னுடையது. இம்மாத இறுதியில் நான் வீட்டைக் காலி செய்துவிடுகிறேன்.”

கிமியேவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “காலி பண்ணுங்கன்னா சொன்னேன்? கீழ இறங்கி வாங்கன்னுதானே சொல்றேன்,” என்று முணுமுணுத்தாள்.

“அவரே சொல்லிட்டார். அப்புறம் என்ன?” தலைவர் கூட்டத்தை முடிக்க எழுந்தார்.

“உட்காருங்க!” என்றாள் செட்சு. தலைவரை அப்படி யாரும் அதட்டியதில்லை, அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் காது மடல்வரை சிவந்திருந்தது.

“அவர் வழி தப்பிப் போகலை. படிச்சு முடிச்சதும் என்கிட்டதான் கொண்டு வரணும்னு, குடி வந்த அன்னிக்கே சொல்லிக் கொடுத்தது நான்தான்.”

அந்த வருட இலையுதிர் காலத்திலிருந்து பலகையில் செட்சு, நீல்ஸ் இரண்டு பேர் வீட்டுக்கும் சேர்த்து ஒரே குடும்ப முத்திரைதான்; ஆனாலும் கிமியேயின் சலூனுக்கு அது இன்றுவரை ஞாயிற்றுக்கிழமைதான் வந்து சேருகிறது.